கேரர்ஸ் அலவன்ஸ் போடும் முன் அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். அம்மாவுக்கு 78 வயது, இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் வீட்டில் தனியாக இருக்கிறார், அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் (இயலாமையால் உதவி தேவைப்படும் முதியவர்களுக்கான தொகை) பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான உதவி) வருகிறது. நீங்கள் பக்கத்திலேயே தனி வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், பகுதி நேர வேலை, பற்றாததற்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் பார்த்துக் கொடுக்கும் மாத உதவி. வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில்தான் போகிறது. இப்படிப் பராமரிக்கிறவருக்கு அரசு தரும் வாரத் தொகைதான் கேரர்ஸ் அலவன்ஸ். ஒருவர் "கேரர்ஸ் அலவன்ஸ் உடனே போடு, அது உன் உரிமை" என்கிறார். இன்னொருவர் "போட்டால் யூனிவர்சல் கிரெடிட்டில் அப்படியே கழித்துவிடுவார்கள், வீண் வேலை" என்கிறார். யார் சொல்வது சரி, வேலைச் சம்பளம் இதை எப்படிப் பாதிக்கும் என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே உங்கள் அம்மாவுக்கு வரும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, உங்கள் விஷயத்தில் பெரிய நஷ்டம் வருவதானால் அங்கேதான் வரும். நான் கீழே சொல்லும் தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், அதனால் எண்களை அன்றைய தேதிக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை அதேதான்.

முதலில் உங்கள் பக்கம். கேரர்ஸ் அலவன்ஸ் வாரத்துக்கு 83.30 பவுண்டு. இதை வாங்க உங்கள் சேமிப்பையோ கணவரின் சம்பளத்தையோ பார்க்க மாட்டார்கள். ஆனால் யூனிவர்சல் கிரெடிட் எல்லாவற்றையும் பார்க்கும், கேரர்ஸ் அலவன்ஸை உழைக்காமல் வந்த வருமானம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்டு கழிக்கும். மாதக் கணக்கில் அது 360.97 பவுண்டு. இதைப் பார்த்துத்தான் "வீண் வேலை" என்கிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது கேரர் எலிமெண்ட் என்ற இன்னொரு தொகையை. 35 மணி நேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் மாதம் 201.68 பவுண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 25 வயதுக்கு மேற்பட்ட, தனியாக இருக்கும், வேலையோ வாடகையோ இல்லாத ஒருவரை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரியும்: அடிப்படைத் தொகை 400.14, கேரர் எலிமெண்ட் 201.68, மொத்தம் 601.82. கேரர்ஸ் அலவன்ஸும் வாங்கினால் யூனிவர்சல் கிரெடிட் 240.85 ஆகக் குறையும், அலவன்ஸ் 360.97 தனியாக வரும், கூட்டினால் மறுபடி அதே 601.82. ஆக, கையில் கூடுவது 201.68தான், வாரக் கணக்கில் சுமார் 46.50 பவுண்டு. அலவன்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் மொத்தம் ஒன்றுதான், கேரர் எலிமெண்டை வாங்கத் தவறினால்தான் நஷ்டம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கேரர்ஸ் அலவன்ஸ் கிடைத்துவிட்டால் கேரர் எலிமெண்ட் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடுவார்கள், அலவன்ஸைக் கழிப்பது மட்டும் முதல் மாதத்திலிருந்தே நடக்கும். யூனிவர்சல் கிரெடிட் ஜர்னலில், அதாவது உங்கள் இணையக் கணக்கின் செய்திப் பக்கத்தில், நான் ஒருவரைப் பராமரிக்கிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தாமதமாகச் சொன்னால் பொதுவாகச் சொன்ன மாதத்திலிருந்துதான் கொடுப்பார்கள், பழைய மாதங்கள் போனது போனதுதான். அலவன்ஸ் வாங்கிக்கொண்டு ஜர்னலில் ஒன்றும் சொல்லாமல் இருப்பவர் யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே எழுதுங்கள்.

சரி, இப்போது அம்மாவின் பக்கம். பென்ஷன் கிரெடிட்டில் தனியாக இருப்பவருக்கான குறைந்தபட்ச உத்தரவாதம் வாரத்துக்கு 227.10 பவுண்டு. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்கி, தனியாக வாழ்ந்து, யாரும் அவருக்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்காமல் இருந்தால், கடுமையான இயலாமைக்கான கூடுதல் தொகை என்று இன்னும் 82.90 பவுண்டு அதில் சேரும், ஆங்கிலத்தில் சிவியர் டிசெபிலிட்டி அடிஷன் என்பார்கள். நீங்கள் சொன்ன விவரப்படி உங்கள் அம்மாவுக்கு இது வந்துகொண்டிருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கத் தொடங்கிய உடன் அந்த 82.90 நின்றுவிடும். உங்களுக்குக் கூடுவது 46.50, அம்மாவுக்குக் குறைவது 82.90. குடும்பமாகப் பார்த்தால் வாரத்துக்கு 36 பவுண்டுக்கு மேல் நஷ்டம், வருடத்துக்கு ஏறக்குறைய 1,890 பவுண்டு. இது பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, ஏனென்றால் உங்கள் விண்ணப்பமும் அம்மாவின் பென்ஷன் கிரெடிட்டும் வேறு வேறு மேசையில் இருக்கின்றன. அம்மாவுக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும், சில குடும்பங்களில் அம்மா அந்தக் கடிதத்தைத் திறக்காமலேயே வைத்திருப்பார், பிறகு அதிகமாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டு என்று இன்னொரு கடிதம் வரும்.

சிலர் இதற்கு ஒரு சுற்றுவழி சொல்வார்கள்: அலவன்ஸ் போடாதே, யூனிவர்சல் கிரெடிட்டில் கேரர் எலிமெண்ட் மட்டும் வாங்கு, அம்மாவுக்குக் குறையாது என்று. அது தவறு. கேரர் எலிமெண்ட் மட்டும் வாங்கினாலும் அம்மாவின் கூடுதல் தொகை நிற்கும், சட்டத்தில் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

82.90 குறைவதோடு முடிந்துவிடுமா என்றால், அது அம்மாவின் ஓய்வூதியம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பழைய அடிப்படை ஓய்வூதியம் 176.45 மட்டும் வாங்குகிறார் என்று வையுங்கள். கூடுதல் தொகையோடு அவரது உத்தரவாதம் 310 பவுண்டு, பென்ஷன் கிரெடிட் 133.55. கூடுதல் தொகை போனாலும் 50.65 மிஞ்சும், பென்ஷன் கிரெடிட் உயிரோடு இருக்கும். ஆனால் அவருக்கு அப்பாவின் ஓய்வூதியத்திலும் கொஞ்சம் சேர்ந்து வாரம் 240 வருகிறது என்றால், இப்போது கிடைக்கும் 70 பவுண்டு பென்ஷன் கிரெடிட் முழுவதும் அற்றுப்போகும். அதோடு முழு வாடகைக்கும் ஹவுசிங் பெனிஃபிட் கிடைப்பது, கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, 75 வயதுக்கு மேல் இலவசத் தொலைக்காட்சி உரிமம் என்று பென்ஷன் கிரெடிட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மற்றவையும் ஆட்டம் காணும். அப்போது மொத்த நஷ்டம் 82.90ஐ விட அதிகமாகவும் ஆகலாம். இந்தக் கணக்கைப் போடாமல் எந்த விண்ணப்பத்திலும் கை வைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அம்மா உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் கதை வேறு. 18 வயதுக்கு மேற்பட்ட இன்னொருவர் கூட வாழ்ந்தால் பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகை அம்மாவுக்கு முதலிலேயே கிடைத்திருக்காது. இல்லாததை இழக்க முடியாது, அதனால் தாராளமாகக் கேரர்ஸ் அலவன்ஸ் போடலாம். அதேபோல அம்மா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மட்டும் வாங்கி, வருமானம் பார்த்துக் கொடுக்கும் எந்த உதவியும் வாங்காவிட்டாலும் பயமில்லை. நீங்கள் வாங்குவதால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸிலோ, இயலாமைக்கான இன்னொரு தொகையான பிப்பிலோ ஒரு பென்னிகூடக் குறையாது. நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து இருப்பது சகஜம், ஆனால் "அம்மாவுக்குக் குறையும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர்களும் பயந்துபோய்ப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அதுவும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் யூனிவர்சல் கிரெடிட் வாங்காத ஒருவருக்கு அது வருடத்துக்கு 4,300 பவுண்டுக்கு மேல்.

உங்கள் சொந்த ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்பீட்டு வருடங்கள் என்ன ஆகும் என்று கவலைப்படுவீர்கள். யூனிவர்சல் கிரெடிட் வாங்கும்போதே அந்த வருடத்துக்கான கிரெடிட் உங்களுக்கு வந்துவிடுகிறது. யூனிவர்சல் கிரெடிட் இல்லாதவர் என்றால் கேரர்ஸ் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது, வாரத்துக்கு 20 மணி நேரம் பார்த்துக்கொண்டாலே போதும், பணம் வராது, ஓய்வூதிய வருடம் மட்டும் பதிவாகும், அம்மாவின் தொகையையும் தொடாது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்புறம், வேலை தேடு என்று ஜாப் சென்டர் நெருக்குவது: 35 மணி நேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் ஜர்னலில் இதை எழுதும்போது கேரர் எலிமெண்டையும் சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது, சேர்த்தால் மேலே சொன்னபடி அம்மாவுக்குக் குறையும். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் ஓர் ஆலோசகரோடு உட்கார்ந்து, என்ன கேட்கிறீர்கள், என்ன கேட்கவில்லை என்பதைத் தெளிவான வார்த்தைகளில் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம்மவர்களில் அதிகம் பேர் பணத்தை விட்டுவிடும் இடம் இதுதான். பார்த்துக்கொள்கிறவரே ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால், ஓய்வூதியமும் கேரர்ஸ் அலவன்ஸும் ஒன்றாக வராது. ஓய்வூதியம் 83.30க்கு மேல் என்றால் அலவன்ஸ் பணமாகக் கிடைக்காது. "உங்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் பணம் தர முடியாது" என்று ஒரு கடிதம் வரும். அதை மறுப்பு என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அந்த அடிப்படைத் தகுதியைக் காட்டினால் பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண்டு கேரருக்கென்று சேரும். புதிய முழு ஓய்வூதியம் 230.25, பென்ஷன் கிரெடிட் வரம்பு 227.10, அதனால் முழு ஓய்வூதியம் வாங்குகிறவருக்குப் பென்ஷன் கிரெடிட்டே கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். தனியாக இருக்கும் ஒருவர் தன் அக்காவையோ வளர்ந்த மகனையோ பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரது வரம்பு 273.50 ஆகிவிடும், வேறு வருமானமோ பெரிய சேமிப்போ இல்லாவிட்டால் வாரம் 43.25 கிடைக்கும், அதன் பின்னால் வாடகை உதவியும் கவுன்சில் டாக்ஸ் உதவியும் வரும். சேமிப்பு 10,000 பவுண்டு வரை கணக்கில் வராது, அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு நல்ல செய்தி. பணம் தராமல் தகுதி மட்டும் இருந்தால், பராமரிக்கப்படுகிறவரின் 82.90 போகாது. பணம் உண்மையில் கைக்கு வந்தால்தான் அது நிற்கும். வயதான தம்பதி, இரண்டு பேருக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், கணவருக்கு மூட்டு வலி, மனைவிக்கு நினைவு மறதி, ஒருவரை ஒருவர் 35 மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள், வேறு யாரும் வீட்டில் இல்லை. இரண்டு ஓய்வூதியமும் சேர்ந்து 350 பவுண்டு வருகிறது, தம்பதிக்கான வரம்பு 346.60, நமக்கு இல்லை என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்து, இரண்டு பேருக்கும் "தகுதி உண்டு, பணம் இல்லை" என்ற கடிதம் வாங்கினால், 346.60, இரண்டு கடும் இயலாமைத் தொகைகள் 165.80, இரண்டு கேரர் தொகைகள் 92.80, எல்லாம் சேர்ந்து 605.20 ஆகிவிடும். வாரத்துக்கு 255 பவுண்டு பென்ஷன் கிரெடிட்! இப்படிப்பட்ட பெற்றோர் உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: இருவரில் ஒருவரின் ஓய்வூதியம் 83.30க்குக் கீழே, சும்மா 60 பவுண்டுதான் என்றால், மீதி 23.30 கேரர்ஸ் அலவன்ஸாகக் கைக்கு வந்துவிடும், அது வந்ததற்காக மற்றவரின் 82.90 நிற்கும். இங்கே வந்து, முழு ஓய்வூதியத்துக்குத் தேவையான வருடங்கள் வேலை செய்யாத நம் தலைமுறைப் பெண்களுக்கு இப்படிச் சிறிய ஓய்வூதியம் நிறையப் பேருக்கு உண்டு, அதனால் ஒவ்வொருவரின் தொகையையும் தனித்தனியாகப் பாருங்கள். தம்பதியில் ஒருவர் இன்னும் ஓய்வூதிய வயதை எட்டவில்லை என்றால், 2019 மே 15 முதல் புதிதாகப் போடுகிறவர்களுக்குப் பென்ஷன் கிரெடிட் கிடையாது, யூனிவர்சல் கிரெடிட்தான்.

வேலைச் சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குகிறவர் வாரத்துக்கு 196 பவுண்டு வரை சம்பாதிக்கலாம், வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியத்துக்குக் கட்டுவதில் பாதி, இவற்றைக் கழித்த பிறகு. ஒரு பவுண்டு கூடினாலும் அந்த வாரத்து 83.30 முழுவதும் போகும், படிப்படியாகக் குறைவது என்ற பேச்சே கிடையாது. மணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள் இதில் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டிவந்தது நாடு முழுவதும் பெரிய பிரச்சினையானது. லிஸ் செய்ஸ் தலைமையில் நடந்த சுயாதீன ஆய்வு 2025 நவம்பரில் வெளிவந்தது, மாறுகிற சம்பளத்தை எப்படிச் சராசரி எடுப்பது என்ற வேலை, ஓய்வூதியத் துறையின் வழிகாட்டுதலே குழப்பமாக இருந்தது என்று அது சொன்னது. இப்படிக் கடன் கடிதம் வந்தவர்கள் அதை முடிந்துபோன விஷயமாக எடுத்துக்கொள்ளாமல் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேரர் எலிமெண்டுக்கு இந்த 196 வரம்பு கிடையாது. யூனிவர்சல் கிரெடிட்டும் வாங்குகிறவர், சம்பளம் கூடப்போகிறது என்றால், கேரர்ஸ் அலவன்ஸை உரிய நேரத்தில் நிறுத்திவிட்டுக் கேரர் எலிமெண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அலவன்ஸுக்காகக் கழித்த தொகை யூனிவர்சல் கிரெடிட்டில் திரும்பி வந்துவிடும். அவர்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸில் லாபமும் இல்லை, கடன் ஆபத்து மட்டும் உண்டு என்பது என் கருத்து.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரே ஒருவர்தான் வாங்க முடியும், அண்ணனும் நீங்களும் பங்கு போட முடியாது, அதனால் யார் பெயரில் போடுவது என்பதைக் குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள். உங்களுக்கே உடல்நலம் சரியில்லாமல் யூனிவர்சல் கிரெடிட்டில் உடல்நலத் தொகை வந்தால், அதுவும் கேரர் எலிமெண்டும் ஒரே ஆளுக்கு இரண்டும் கிடைக்காது, பெரியது மட்டும். தம்பதியில் ஆளுக்கொன்று கிடைக்கும். கேரர்ஸ் அலவன்ஸோ கேரர் எலிமெண்டோ வரும் குடும்பத்துக்கு உதவித்தொகை உச்சவரம்பு (ஒரு குடும்பம் வாங்கும் உதவிகளின் மொத்தத்துக்கு அரசு வைக்கும் மேல் எல்லை) பொருந்தாது, லண்டனில் வாடகை அதிகமாகக் கொடுக்கும் பெரிய குடும்பங்களுக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல். கேரர்ஸ் அலவன்ஸுக்கு வருமான வரி உண்டு, கேரர் எலிமெண்டுக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பெயர் கேரர் சப்போர்ட் பேமெண்ட், யூனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பதும் 82.90 நிற்பதும் அங்கேயும் அப்படியேதான்.

விசா. பொது நிதி கூடாது என்று விசாவில் எழுதியிருப்பவர்கள் கேரர்ஸ் அலவன்ஸும் யூனிவர்சல் கிரெடிட்டும் தொடக் கூடாது, குடிவரவு விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும். சந்தேகம் இருந்தால் குடிவரவு ஆலோசகரிடம் முதலில். ஊருக்குப் போவதும் கவனிக்க வேண்டிய விஷயம்: நீங்கள் மட்டும் போனால் கேரர்ஸ் அலவன்ஸ் நான்கு வாரம் வரை தொடரும், யூனிவர்சல் கிரெடிட் ஒரு மாதம். அம்மாவும் போனால் அவரது பென்ஷன் கிரெடிட் பொதுவாக நான்கு வாரம். திருவிழா, கல்யாணம் என்று இரண்டு மாதம் டிக்கெட் போடும் முன் இதையும் கணக்கில் எடுங்கள், போவதைச் சொல்லியும் விடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது. அம்மாவின் கடைசிப் பென்ஷன் கிரெடிட் கடிதத்தை எடுங்கள், தொகையை எப்படிக் கணக்கிட்டோம் என்ற பக்கத்தில் கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை (2025-26இல் 82.90) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உங்கள் நிலைமையில் கேரர்ஸ் அலவன்ஸும் வேண்டாம், கேரர் எலிமெண்டும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், அம்மாவுக்கு வருவது அம்மாவின் செலவுக்கே போகட்டும், உங்கள் பஸ் காசும் அதிலிருந்தே வரலாம். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள், தகுதி இருந்தும் விட்டுப்போயிருக்கலாம், அப்படியானால் முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வேறு காரணத்தால் அவருக்கு அது கிடையாது என்று உறுதியானால், அன்றைக்கே ஜர்னலில் எழுதிக் கேரர் எலிமெண்டைக் கேளுங்கள். கேரர்ஸ் அலவன்ஸும் போடுவதானால் மூன்று மாதம் பின்தேதியிட்டுக் கேட்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், கேரர்ஸ் யூகே, ஏஜ் யூகே மூன்றிலும் இந்தக் கணக்கை இலவசமாகப் போட்டுத் தருவார்கள். போகும்போது உங்கள் யூனிவர்சல் கிரெடிட் மாத அறிக்கையையும் அம்மாவின் கடிதத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள், இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.